கோலிக்குண்டும் அதிபரும்: காம்பியாவின் ஜனநாயகம் குறித்து ஒரு விவாத இழை

டிசம்பர் 6, 2021: வாசகர் ஒருவரின் கேள்வி

காம்பியாவில் நேற்று முன்தினம் நடந்த அதிபர் தேர்தலில் மக்கள் கோலிக்குண்டு போட்டு வாக்களித்தார்கள் என்று செய்தியில் படித்தேன். வாக்குச்சீட்டைப் படிக்கத் தெரியாத மக்களிடம் ஜனநாயகத்தைக் கொடுத்தால் அது எப்படி நிலைக்கும்? ஒரே சர்வாதிகாரி இருபத்திரண்டு ஆண்டு ஆண்டதில் வியப்பென்ன இருக்கிறது? அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

டிசம்பர் 6, 2021, இரவு

மறுக்கிறேன். 2013 முதல் 2017 மார்ச் வரை செரகுண்டாவில் அரிசியும் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்தேன். நீங்கள் பரிதாபத்தோடு பார்க்கும் அந்தக் கோலிக்குண்டு, அந்நாட்டின் அரசியல் வாழ்க்கையில் பழுதில்லாமல் இயங்கிய மிகச் சில பொருள்களில் ஒன்று.

முறை இதுதான். வாக்குச்சாவடிக்குள் நுழைபவரின் பெயரைப் பட்டியலில் சரிபார்த்து, விரலில் மை வைத்து, ஒரே ஒரு கோலியைக் கையில் கொடுப்பார்கள். மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்பு டிரம்கள் நிற்கும். ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்சியின் நிறத்தில் பூசப்பட்டு, வேட்பாளரின் படமும் சின்னமும் ஒட்டப்பட்டிருக்கும். டிரம்மின் தலையில் ஒரு குழாய். கோலியை அதில் விட்டால் உள்ளே இருக்கும் மணியில் பட்டு ஒரு முறை ஒலிக்கும். இரண்டாவது ஒலி கேட்டால் யாரோ கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று வெளியே அமர்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரிந்துவிடும். விழுந்த கோலி டிரம்மின் அடியில் மோதிச் சத்தம் எழுப்பிக் குழப்பாமலிருக்க உள்ளே மணலோ மரத்தூளோ பரப்பியிருப்பார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் 200 அல்லது 500 குழிகள் கொண்ட தட்டுகளில் கோலிகளைக் கொட்டிப் பரப்புவார்கள். குழி நிறைந்தால் எண்ணிக்கை முடிந்தது. சுற்றி நிற்கும் கட்சி முகவர்கள் எல்லோரும் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். செல்லாத வாக்கு என்ற பேச்சுக்கே ஏறத்தாழ இடமில்லை, ஏனெனில் கோலியில் தவறாகக் கிறுக்க முடியாது.

எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில், 1960களில், பிரித்தானிய ஆட்சியின் இறுதியில் கொண்டுவந்த ஏற்பாடு இது என்பது உண்மை. ஆனால் எழுதத் தெரியாதவருக்கும் அரசியல் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்த ஏற்பாட்டையே செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சர்வாதிகாரம் டிரம்முக்குள்ளிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 7, 2021

நேற்று எழுதாமல் விட்டது: வாக்குப்பதிவு நாளில் சாவடிகளுக்கு அருகே சைக்கிள் ஓட்டத் தடை உண்டு. சைக்கிள் மணியை வாக்கு மணியென்று எண்ணிவிடக் கூடாதல்லவா! 2016 டிசம்பர் 1 அன்று எங்கள் கிடங்குப் பொறுப்பாளருடன் ஒரு பள்ளிக்கூடச் சாவடிவரை போயிருந்தேன். அயல்நாட்டவன் என்பதால் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டேன். அவர் உள்ளே போன சிறிது நேரத்தில் மெல்லிய மணியொலி ஒன்று கேட்டது. அது இன்னும் காதில் நிற்கிறது.

டிசம்பர் 7, 2021, மாலை

வரலாற்றுக்கு வருகிறேன். செனகல் நாட்டின் உடலுக்குள் ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் இந்தச் சிறிய நாடு 1965 பிப்ரவரி 18 அன்று விடுதலை பெற்றது. பிரதமர் தாவ்தா ஜவாரா கால்நடை மருத்துவர். அவருடைய மக்கள் முன்னேற்றக் கட்சி நகரத்துப் படித்தவர்களின் கட்சியாக அல்லாமல் உள்நாட்டு வேளாண் மக்களின் கட்சியாக வளர்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில், அரசியாரைத் தலைவராகக் கொண்ட முடியாட்சியைக் கைவிட்டுக் குடியரசாக மாறலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கிடைத்தது 65.85 விழுக்காடு. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் அரசு தோற்றது. தோற்றதாக ஒப்புக்கொண்டு பேசாமலிருந்தது. 1970 ஏப்ரலில் மீண்டும் கேட்டபோது எழுபது விழுக்காட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. காம்பியா குடியரசானது, ஜவாரா அதிபரானார்.

அண்டை நாடுகள் பலவற்றில் ஒற்றைக் கட்சி ஆட்சியும் இராணுவ ஆட்சியும் வந்துகொண்டிருந்த காலத்தில், விடுதலை பெற்ற ஓர் அரசு எழுநூற்றுச் சொச்சம் வாக்குகள் போதவில்லை என்பதற்காக ஐந்து ஆண்டு காத்திருந்தது. எண்ணியவை கோலிக்குண்டுகள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டிசம்பர் 9, 2021

நேற்று முன்தினம் ஜவாராவைப் பற்றி எழுதியதை இன்று திரும்பப் படித்தபோது, கொஞ்சம் தேன் தடவிவிட்டேனோ என்று தோன்றியது.

1965 முதல் 1994 வரை பல கட்சித் தேர்தல்கள் இடைவிடாமல் நடந்தன; எதிர்க்கட்சிகள் இயங்கின; பத்திரிகைகள் திட்டின. ஆப்பிரிக்கக் கண்டத்தில் போட்ஸ்வானாவோடு சேர்த்து எண்ணத்தக்க சாதனை அது. ஆனால் அத்தனை தேர்தலிலும் ஒரே கட்சி, ஒரே மனிதர். ஷெரிஃப் டிப்பா 1975இல் தேசிய மாநாட்டுக் கட்சியைத் தொடங்கி விடாமல் போட்டியிட்டும் ஆட்சி மாறவில்லை. 1981 ஜூலை இறுதியில் ஜவாரா அரச குடும்பத் திருமணத்துக்காக லண்டனில் இருந்தபோது, குக்கோய் சம்பா சான்யாங் தலைமையில் ஒரு குழு ஆட்சியைக் கைப்பற்ற முயன்றது. செனகல் படைகள் வந்துதான் அதை அடக்கின, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1982இல் உருவான செனகாம்பியக் கூட்டரசு 1989இல் கலைந்தது. 1991 இறுதியில், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஜவாரா அறிவித்தார். கட்சிக்காரர்கள் கெஞ்சவும் மனம் மாறி மீண்டும் நின்று வென்றார்.

அன்று அவர் விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் கிடங்குப் பொறுப்பாளரிடம் ஒரு முறை கேட்டேன். பொறுப்பாளர் மாண்டிங்கா இனத்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அடுப்பில் அத்தாயா தேநீரைக் கொதிக்கவிட்டபடியே எதையும் பேசுவார். "பாஸ்மேன், முதல் குவளை கசக்கும், மூன்றாவது இனிக்கும். நாங்கள் முப்பது வருடம் முதல் குவளையையே குடித்துக்கொண்டிருந்தோம்" என்றார். இந்த உவமையை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஜவாரா ஆட்சியில் 1993இல் மரண தண்டனையை நீக்கினார்கள். ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் தலைமையகம் காம்பியத் தலைநகர் பான்ஜூலுக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் ஆட்சியை மாற்றிப் பழகாத நாட்டில், தேர்தலுக்கு வெளியே இருந்து ஒருவன் வந்து மாற்றுகிறேன் என்றபோது தெருவில் இறங்கி எதிர்க்க ஆளில்லாமல் போனது உண்மை.

டிசம்பர் 10, 2021

அந்த ஒருவன் 1994 ஜூலை 22 அன்று வந்தான். லெப்டினன்ட் யாஹ்யா ஜாமே, வயது 29. லைபீரியாவில் அமைதிப் படையில் பணிபுரிந்து திரும்பிய வீரர்களின் சம்பளக் குறையும், ஊழல் மீதான பொதுச் சலிப்பும் சேர்ந்துகொண்டன. இரத்தம் சிந்தாமலே ஆட்சி மாறியது. துறைமுகத்துக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜவாராவை செனகல் தலைநகர் டக்காருக்கு ஏற்றிச் சென்றது.

இழையின் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஜாமே தேர்தலை ஒழிக்கவில்லை. 1996, 2001, 2006, 2011 என்று நாள் தவறாமல் நடத்தினார், டிரம்களும் கோலிகளும் அப்படியே இருந்தன. அவர் கைவைத்தது டிரம்முக்கு வெளியே இருந்தவற்றில். 1996 தேர்தலுக்கு முன்பே ஜவாராவின் கட்சி உள்ளிட்ட பழைய கட்சிகளுக்கு ஆணை போட்டுத் தடை விதித்தார். 1997இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் அதிபர் எத்தனை முறை நிற்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. 2000 ஏப்ரலில் மாணவர் ஊர்வலத்தின் மீது படையினர் சுட்டதில் பதினான்கு பேர் இறந்தனர். பத்திரிகை ஆசிரியர் தெய்தா ஹைதரா 2004 டிசம்பர் 16 அன்று காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 தேர்தலில் மக்கள் அச்சுறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று கூறி, மேற்காப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் பார்வையாளர்களை அனுப்பவே மறுத்துவிட்டது. பிறகு 2015இல், அதிபர் வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 10,000 தலாசியிலிருந்து 500,000 தலாசியாக உயர்ந்தது. கோலி போடும் கை சுதந்திரமாக இருந்தாலும், எந்தெந்த டிரம் அங்கே நிற்கலாம் என்பதை ஒரே ஆள் முடிவு செய்தால் என்ன பயன்?

நான் போய்ச் சேர்ந்த ஆண்டில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை ஆகியிருந்தது. தொழவும் பயிரிடவும் நேரம் வேண்டும் என்பது அதிபரின் விளக்கம். சுங்கத் தாள்களோடு வியாழன் மாலை போய் நின்றால் திங்கள்கிழமை வரச் சொல்வார்கள். துறைமுகத்தில் சரக்கு கிடக்கும் வாடகை எங்கள் தலையில். சர்வாதிகாரத்தை நான் முதலில் உணர்ந்தது தாமதக் கட்டணமாகத்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிட ஆழமாக உணர்ந்தது பேச்சில். எதைப் பற்றியும் சிரித்துப் பேசுபவர்கள், அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் "அவர்" என்று சொல்லி மேலே கைகாட்டுவார்கள். வந்த புதிதில் இறைவனைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 12, 2021

2016. ஏப்ரல் 14 அன்று, எங்கள் கிடங்கிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள வெஸ்ட்ஃபீல்டில், தேர்தல் சீர்திருத்தம் கேட்டுச் சிறிய ஆர்ப்பாட்டம் ஒன்று நடந்தது. அதை முன்னின்று நடத்திய சோலோ சாண்டெங் கைதாகி, காவலிலேயே இறந்தார். அவர் எங்கே என்று கேட்டு ஊர்வலம் போன ஐக்கிய ஜனநாயகக் கட்சித் தலைவர் உசைனு தார்போவுக்கு மூன்றாண்டுச் சிறை. தலைவர்கள் உள்ளே போனதால், கட்சியின் பொருளாளராக இருந்த, வெளியுலகம் அறியாத, வீடு மனை வணிகர் அடாமா பாரோ முன்னுக்கு வந்தார். ஏழு எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து அவரைப் பொது வேட்பாளராக்கின. ஜாமே தார்போவைச் சிறையில் வைக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை இன்னும் ஆண்டுகொண்டிருப்பார்.

வாக்குப்பதிவுக்கு முந்திய இரவே இணையம் போய்விட்டது. வெளிநாட்டுத் தொலைபேசியும் இல்லை. ஊரில் அம்மா செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறியிருப்பார் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் ஒன்றரை நாள் கழிந்தது. கோலிகளை அந்தந்தச் சாவடியிலேயே எண்ணினார்கள், எண்ணியதை வானொலியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். டிசம்பர் 2 அன்று தேர்தல் ஆணையத் தலைவர் அலியு மொமர் நியாய், பாரோ வென்றதாக அறிவித்தார்: பாரோ 45.5 விழுக்காடு, ஜாமே 36.7. அன்று மாலை தொலைக்காட்சியில் ஜாமே பாரோவைத் தொலைபேசியில் அழைத்து, சிரித்த முகத்தோடு வாழ்த்தினார். தெரு முழுக்க மனிதர்கள். எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் மட்டும் வெளியே வரவில்லை. "இந்த மனிதர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை" என்றார்.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 9 அன்று, முடிவை ஏற்க முடியாது என்று அதே தொலைக்காட்சியில் ஜாமே அறிவித்தார்.

டிசம்பர் 13, 2021

திருத்தம். நேற்று நான் கொடுத்த 45.5, 36.7 ஆகியவை முதலில் அறிவித்த எண்கள். டிசம்பர் 5 அன்று ஆணையமே அவற்றைத் திருத்தியது. இறுதிக் கணக்கு: பாரோ 227,708 வாக்குகள், 43.3 விழுக்காடு, ஜாமே 208,487, 39.6 விழுக்காடு, மூன்றாமவர் மாமா கண்டே 89,768. கூட்டும்போது நேர்ந்த பிழையால் ஐம்பத்தோராயிரத்துச் சொச்சமாகத் தெரிந்த வேறுபாடு பத்தொன்பதாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. வென்றவர் மாறவில்லை. ஆனால் ஜாமேக்குப் பிடி கிடைத்துவிட்டது.

இதை எழுதாமல் விட்டது எனக்கே விந்தையாக இருக்கிறது, ஏனெனில் அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் நான் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஆண்டுக் கணக்கில் ஒரு பத்தியை இரண்டு முறை கூட்டிவிட்டு, யாரும் கண்டுபிடிக்கும் முன் நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என் ஒவ்வொரு பக்கத்தையும் வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தார். பிழையைத் தானே ஒப்புக்கொள்பவர்மீதுதான் சந்தேகம் முதலில் விழுகிறது. நியாய் திருத்தாமல் மறைத்திருந்தால் ஜாமே வேறு காரணம் தேடியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தொலைக்காட்சியில் அந்த முதியவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்று. 43 விழுக்காட்டில் வெல்ல முடிந்ததே, இரண்டாம் சுற்று இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தது. பாதிக்கு மேல் பெறாவிட்டால் இரண்டாம் சுற்று என்பதுதான் 1997 அரசமைப்பின் விதி. சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகளை எளிதாகத் தோற்கடிக்கலாம் என்று ஜாமே ஆட்சியே 2000களின் தொடக்கத்தில் அதை நீக்கி, அதிக வாக்குப் பெற்றவர் வென்றார் என்று மாற்றியது. எதிரிக்கு வைத்த பள்ளத்தில் தானே விழுந்தவர்கள் வரிசையில் இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 3, 2022

இம்முறைத் தேர்தலில் பாரோவிடம் தோற்ற தார்போவின் கட்சி தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பு எப்படியிருந்தாலும் தேர்தல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் அங்கேயே முடிந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2017 ஜனவரியில் அதைக் கேட்க உச்ச நீதிமன்றத்தில் போதிய நீதிபதிகளே இல்லை.

அந்த ஜனவரியைப் பற்றி ஒருவர் கேட்டார். 17ஆம் தேதி நெருக்கடி நிலை. பிரித்தானியச் சுற்றுலாப் பயணிகளை விமானம் விமானமாக ஏற்றிப் போனார்கள். படகிலும் வண்டியிலும் மக்கள் செனகலுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கில் நாற்பத்தையாயிரம் பேர். நாங்கள் மூவர் கிடங்கிலேயே அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டோம், பசிக்குப் பயமில்லை. 19ஆம் தேதி டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பாரோ பதவியேற்றார். செனகல் படை எல்லை தாண்டியது. 21ஆம் தேதி இரவு ஜாமே எக்குவடோரியல் கினிக்கு விமானம் ஏறினார். மறுநாள் காலை, பக்கத்துக் கடையின் சுவரில் இருந்த அவருடைய படத்தை எடுத்துவிட்டு, அந்தச் சதுரத்தில் மட்டும் மங்காமல் இருந்த பச்சைச் சாயத்தைக் கடைக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 2, 2022

ஜாமே ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை அறியும் ஆணையத்தின் 265 பரிந்துரைகளில் 263ஐ அரசு ஏற்றுக்கொண்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள், பெரும்பாலும் நேரலையில். கிடங்குப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னது: அத்தாயா வட்டங்களில் கால்பந்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்களாம்.

இருந்தும் பாரோவைப் பற்றி என் மனம் இறங்கிவிட்டது. மூன்று ஆண்டில் விலகுவேன் என்று கூட்டணிக்கு வாக்குக் கொடுத்தவர், ஐந்து ஆண்டும் இருந்தார். கெடு முடிந்தது என்று நினைவூட்டித் தெருவில் இறங்கிய இயக்கத்தை 2020 ஜனவரியில் தடை செய்தார். 2021இல் ஜாமே உருவாக்கிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்தார். அதை ஜாமேயே வெளியூரிலிருந்து எதிர்த்தார் என்பது வேடிக்கை. 2020இல் தயாரான புதிய அரசமைப்பு வரைவு, அதிபர் பதவிக்கு இரண்டு முறை என்று வரம்பு கட்டியதோடு, பாரோ அப்போது வகித்த காலத்தையும் ஒரு முறையாகக் கணக்கிட்டது. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் 31க்கு 23 என்று வாக்கு விழுந்து, நான்கில் மூன்று பங்கு கிடைக்காமல் மடிந்தது.

முதல் குவளை, மூன்றாம் குவளை என்ற உவமையை அன்று மறுத்தேன். பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஜூலை 14, 2025

மூன்றாண்டு கழித்து இந்த இழையை ஒருவர் தோண்டி எடுத்து, "கோலிக்குண்டு வென்றது என்றீர்களே, அரசமைப்பு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். இந்த மாதம் இரண்டாவது முயற்சியும் நாடாளுமன்றத்தில் அதே நான்கில் மூன்று பங்கில் இடறி விழுந்தது. ஆக, ஜாமேயின் 1997 அரசமைப்பே இன்னும் ஆள்கிறது, பதவிக்கு வரம்பில்லை, பாரோ 2026 டிசம்பரில் மூன்றாம் முறை நிற்கப் போவதாக அறிவித்துவிட்டார். 1965இல் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காத அரசு ஐந்தாண்டில் மீண்டும் மக்களிடமே போய்க் கேட்டது. இவர்களோ வரைவை இரண்டு முறை அவைக்கு எடுத்துச் சென்றும், அது மக்களின் வாக்கெடுப்புவரை வரவே இல்லை. கோலியைக் குறை சொல்ல எனக்கு இன்றும் காரணம் கிடைக்கவில்லை.

ஜூலை 15, 2025

ஒரு திருத்தம், கடைசியாக. தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றபோது வாக்கு மணி காதில் விழுந்தது என்று 2021இல் எழுதியிருந்தேன். அவ்வளவு தொலைவுக்குக் கேட்குமா என்று அப்போதே ஒருவர் ஐயப்பட்டார். நான் பதில் சொல்லவில்லை. நேற்று கிடங்குப் பொறுப்பாளரிடம் பேசும்போது கேட்டேன். கேட்காது என்றார், வகுப்பறைக்குள்ளேயே காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்களாம். அப்படியானால் சைக்கிளா என்றேன். சைக்கிளுக்குத்தான் தடை ஆயிற்றே என்றார். பிறகு சிறிது யோசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூட வேலியோரம் அன்று யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்ததாம், கழுத்தில் மணியோடு. ஆட்டுக்குத் தடை போட யாருக்கும் தோன்றவில்லை.